ஐஸ் பெட்டியில் பன்னீர் சோடா

என் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தால் பொன்னாடைகள் சரிந்து காலில் விழும். சேவைச் சங்கங்களுக்கு ஒரு வருடம் மண்டலத் தலைவியாக இருந்ததில் நான் சேர்த்த சொத்து அதுதான். அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டால் அரிக்கும், துவைத்தால் சாயம் ஓடும், தரை துடைக்கலாமென்றால் தண்ணீரை இழுக்காது. இன்னொருவருக்குப் போர்த்துவதைத் தவிர அதற்கு ஒரு உபயோகமும் கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மண்டலத் தலைவி என்றதும் கார் கொடுப்பார்கள், கொடி கட்டுவார்கள் என்று என் மாமியார் பசுமலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கார் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. வேலை என்னவென்றால், மதுரையிலும் சுற்றுப்பட்டிலும் இருக்கும் சங்கங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், அவர்கள் செய்த நற்பணிகளைப் பார்த்து மெச்சிவிட்டு வர வேண்டும். நானோ கல்லூரியில் வேதியியல் எடுப்பவள். பிள்ளைகள் செய்யும் பரிசோதனையில் குறை கண்டுபிடித்தே பழகிய வாய். அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மெச்சுவது எனக்கு லேசில் வரவில்லை.

எங்கள் சங்கங்களில் சும்மா உறுப்பினர் என்று ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். தலைவர் இருப்பார். போன வருடத்துத் தலைவர் ‘உடனடி முன்னாள் தலைவர்’ என்ற பட்டத்தோடு இருப்பார். அதற்கு முந்தியவர்கள் வெறும் முன்னாள். அடுத்த வருடம் வரப்போகிறவர் இப்போதே கோட்டு தைத்து வைத்திருப்பார். வரவேற்புரையில் அத்தனை பட்டத்தையும் வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார். முடிவில் நன்றியுரை என்று ஒன்று உண்டு. அது மைக் செட்காரரில் தொடங்கி, நாற்காலி போட்டவர், சாம்பார் வைத்தவர் என்று போய்க்கொண்டே இருக்கும். யாருக்காவது நன்றி சொல்லாமல் விட்டால் குடி முழுகிவிடும் என்று நம்புகிறவர்கள் இவர்கள். நன்றியுரை முடிவதற்குள் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு சங்கத்தில் வருடா வருடம் ஒரே குழியில் மரக்கன்று நடுகிறார்கள். குழி தோண்டும் வேலை மிச்சம் என்று அதன் செயலாளர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்த வருடத்துச் சுற்றுச்சூழல் விருது அவர்களுக்குத்தான் போனது.

இப்படிப் பேசுகிறேனே தவிர இவர்களை எனக்குப் பிடிக்கும். கண் சிகிச்சை முகாம் என்றால் வெள்ளென எழுந்து வந்து, வயதானவர்களைக் கைபிடித்து வண்டியில் ஏற்றி, ஆபரேஷன் முடிந்ததும் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பக் கூட்டிவந்து வீட்டு வாசலில் விடுகிறவர்கள் இதே கோட்டுக்காரர்கள்தான். பெற்ற பிள்ளைகள் செய்யாததைச் செய்கிறார்கள். அதற்குக் கூலியாக ஒரு போட்டோ கேட்கிறார்கள். கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

செல்லூர்ச் சங்கத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். அது தறிக்காரர்களின் சங்கம். கூட்டம் நடப்பது விசைத்தறிக் கூடத்தின் மாடியில். கீழே தறி ஓடும் சத்தத்தில் தலைவர் அடிக்கும் மணி தலைவருக்கே கேட்காது. அடித்தாயிற்று என்று கையைக் காட்டுவார், நாங்கள் எழுந்து நிற்போம். அங்கே கடைப் பொன்னாடை கிடையாது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் தறியில் நெய்த பருத்தித் துண்டை எடுத்துவந்து, தானே மேடையேறி, தன் கையால் போர்த்த வேண்டும். ஒருவருடையதை வாங்கிக்கொண்டு இன்னொருவருடையதை வேண்டாமென்றால் தெருவில் பகையாகிவிடும். நான் போனது ஐப்பசி மழையில் என்பதால் பிழைத்தேன். அந்தத் துண்டுகள் மட்டும் என் வீட்டில் இன்றும் புழங்குகின்றன.

உசிலம்பட்டி போகும் சாலையில், செக்கானூரணி தாண்டி ஒரு ஊரில் இன்னொரு சங்கம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த வழியாக நான் திரும்பவும் போக வேண்டியிருக்கிறது. அதன் தலைவர் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மைக்கைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சங்கத்தில் எல்லாரும் சுற்றி வந்து, இந்த வருடம் உன் முறை என்று தலையில் கட்டிவிட்டார்கள். முதல் தடவை நான் போனபோது கடையிலேயே உட்கார வைத்தார். ஒரு பக்கம் பருத்திக்கொட்டை மூட்டை, ஒரு பக்கம் புண்ணாக்கு மூட்டை, நடுவில் நான். இந்த வருடம் என்ன திட்டம் என்று கேட்டேன். ஐஸ் பெட்டி என்றார்.

இறந்தவர்களைக் கிடத்தி வைக்கும் கண்ணாடி மூடிப் பெட்டி. வாங்கி வைத்துவிட்டால் சுற்றுப்பட்டில் யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுக்கலாம் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் தையல் மிஷின் கொடுக்கிறார்கள், சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், நீங்கள் என்ன தலைவரே எழவு வீட்டுச் சாமானோடு நிற்கிறீர்கள், பயனாளியை மேடையேற்றி எப்படிப் போட்டோ எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்புறம் கல்லாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்காத்தா செத்தப்ப அக்கினி வெயிலு, அக்கா. தம்பி துபாய்ல. மதுரையில பொட்டி கேட்டோம், எல்லாம் வெளிய போயிருச்சுன்னுட்டாக. பெருசுக நிக்க விடல, எடுத்துட்டோம். அவன் நேரா சுடுகாட்டுக்குத்தான் வந்தான். சாம்பலப் பாக்கவாடா நான் வந்தேன்னான். அதோட பேச்ச விட்டுட்டான்.”

தம்பி அன்றே திரும்பிப் போனவன், போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தி போட்டால் பார்ப்பதில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. இவர் மட்டும் நல்ல நாள் பொல்லாத நாளுக்கு ஏதாவது பேசிப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டே இருப்பாராம். எனக்குக் கேலி பேசிய வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல திட்டம், செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வருடத்தில் நான் மனசாரச் சொன்ன முதல் பாராட்டு அது.

பெட்டி சித்திரையில் வந்து சேர்ந்தது. அதைத் தொடங்கி வைக்க மாவட்ட ஆளுநர் வருவதாக ஏற்பாடு. ஆளுநர் என்றதும் சென்னையில் இருக்கிறவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சங்கங்களுக்கென்று வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். அந்த வருடத்தவர் பாத்திரக்கடை முதலாளி. நல்ல மனிதர், எதற்கும் சிரித்த முகம். கழுத்தில் அவர் போட்டிருக்கும் பதக்கச் சங்கிலியைத் திருவிழாவில் சப்பரத்துக்குச் சாத்தலாம், அம்புட்டு நீளம். காலையில் செல்லூர்ச் சங்கத்துக்குப் போய்விட்டு, பதினோரு மணிக்கெல்லாம் இங்கே வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள்.

விழா நடக்கும் மண்டபத்துக்குள் நான் நுழையும்போதே வேர்வையில் சட்டையெல்லாம் நனைந்துபோய் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிகள் அனல் காற்றை வீசிக்கொண்டிருந்தன. சங்கத்தின் செயலாளர் ஓடிவந்து ஒரு பன்னீர் சோடாவைக் கையில் கொடுத்தார். அவர் ஊரில் போட்டோ ஸ்டுடியோவும் பிளெக்ஸ் கடையும் வைத்திருப்பவர், எந்தக் காரியத்தையும் அது படத்தில் எப்படி விழும் என்றே யோசிப்பவர். சோடா பல்லுக் கூசும் அளவுக்கு ஜில்லென்று இருந்தது. பாதி பாட்டிலை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, இந்த ஊரில் இவ்வளவு ஜில்லென்று எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் பெருமையாக மேடையைக் காட்டினார்.

மேடையின் நடுவில் ஐஸ் பெட்டி, சிவப்பு ரிப்பன் சுற்றி, பக்கத்தில் பெரிய பூ முடிச்சோடு இருந்தது. உள்ளே வரிசையாகப் பன்னீர் சோடா. சோடாவுக்கு மேலே ஆளுநருக்கு வாங்கிய ஆளுயர ரோஜா மாலை, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நீட்டிப் படுத்திருந்தது. பெட்டி நன்றாகக் குளிர்கிறதா என்று காட்ட விடியற்காலையிலேயே ஓட விட்டார்களாம். சும்மா ஓடி கரண்டை வீணாக்குவானேன் என்று இந்த ஏற்பாடு. ரிப்பன் குறுக்கே வராதபடி ஒரு பக்கம் மூடியைத் தூக்கித் தூக்கிப் பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி புதுசுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மிச்சப் பாதியையும் குடித்தேன். அப்படியொரு வெயில்.

மூடியின் கண்ணாடியில் ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆளுநரின் சிரித்த முகம், கீழே ‘மாவட்ட ஆளுநர் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது’ என்ற எழுத்து. பெட்டியில் எந்த இடத்தை எல்லாரும் பார்ப்பார்கள் என்று யோசித்து, அந்த இடத்தில் ஒட்டியதாகச் செயலாளர் சொன்னார். பிளெக்ஸ் தொழிலில் அதுதான் முதல் பாடமாம். நானும் பார்த்து நன்றாயிருக்கிறது என்றேன். அங்கே இருந்த ஒருவருக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை.

பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. செல்லூருக்குப் போன் போட்டால் தறிச் சத்தம்தான் கேட்டது. கடைசியில் யாரோ கத்திச் சொன்னார்கள்: இப்போதுதான் துண்டு போர்த்த ஆரம்பித்திருக்கிறார்கள். நான் மனசுக்குள் ஆளுநருக்காக வருத்தப்பட்டேன். அங்கே உறுப்பினர்கள் ஏராளம், அன்றைக்கு வெயிலும் ஏராளம்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஆள் மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தோளில் துண்டு, கண் சிவந்திருந்தது. பக்கத்துப் பட்டியில் அவருடைய அண்ணன் மனைவி காலையில் இறந்துபோனார். சங்கத்தில் ஐஸ் பெட்டி வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். செயலாளர் அவரை மரியாதையாக உட்கார வைத்து நிலைமையை விளக்கினார். பெட்டி இருக்கிறது, ஆனால் இன்னும் தொடங்கி வைக்கவில்லை, ஆளுநர் வந்துகொண்டே இருக்கிறார், வந்ததும் ரிப்பனை வெட்டி ஒரு படம் எடுத்ததும் பெட்டி உங்களுக்குத்தான் என்றார். அதோடு விட்டாரா? பாவம் வெயிலில் வந்திருக்கிறாரே என்று ஒரு சோடாவையும் எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் அதை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

தலைவர் மேடையில் கோட்டும் பதக்கமுமாக உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர், இந்த ஆளைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

“வரவேண்டியது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

“அண்ணன் மக. மஸ்கட்ல இருக்கு. நாளைக்கு மத்தியானந்தான் வந்து சேருமாம். வீடியோவுல காட்டுறோம் பாத்துக்க தாயின்னோம். போன்ல காட்டாதீக, வந்து பாத்துக்கிறேன்னு ஒரே பிடியா நிக்கிது.”

“பெருசுக என்ன சொல்றாக?”

“பொழுதுக்குள்ள எடுக்கணும்ங்கறாக.”

தலைவர் மேடையேறி, கோட்டுக் கையை மடித்துவிட்டு, பாட்டில்களை எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தார். செயலாளருக்கு உயிரே போய்விட்டது. அண்ணே, கவர்னர் வந்து எதை வெட்டுவாரு, ஒருத்தர் படுத்து எந்திரிச்ச பொட்டியில எப்படி ரிப்பன் கட்டுறது என்று பின்னாலேயே அலைந்தார். படுத்தவர் எழுந்திருக்கப் போவதில்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கடைசியில் என்னிடம் ஓடிவந்தார். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களில் நான்தான் பெரிய பதவி. விதி என்ன சொல்கிறது என்று கேட்டார்.

எங்கள் சங்க விதிநூல் தடிமனானது. அதை யாரும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. அதனால் தைரியமாகச் சொன்னேன்: அவசரத் தேவை ஏற்பட்டால் மண்டலத் தலைவர் முன்னிலையில் திட்டத்தைத் தொடங்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. சொல்லிவிட்டு நானும் மேடையேறிப் பாட்டிலை எடுத்தேன். வகுப்பில் இதே குரலில் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். சங்கத்துக்காரர்களும் நம்பிவிட்டார்கள்.

பாட்டில் நின்ற இடமெல்லாம் ஈரம். துடைக்கத் துணி தேடியபோது ஆளுநருக்கு வைத்திருந்த பொன்னாடை கைக்கு வந்தது. அது தண்ணீரை இழுக்கவில்லை, வழக்கம்போல. என் காரில் கிடந்த செல்லூர்த் துண்டை எடுத்துவரச் சொல்லித் துடைத்தோம். ரோஜா மாலையை எங்கே வைப்பது என்று செயலாளர் தூக்கிக்கொண்டு நின்றார். தலைவர் அதை வாங்கித் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே வைத்தார். அது அங்கேயே இருக்கட்டும் என்றார்.

தீவன மூட்டை ஏற்றும் சின்ன வண்டியில் பெட்டி போயிற்று. தலைவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார், கோட்டு முழுக்கத் தவிடு. நான் காரில் பின்தொடர்ந்தேன். செயலாளர் கேமராவோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுநருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

கேத வீட்டில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவை வெளியே பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள், பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பெட்டியை இறக்கி, கரண்ட் கொடுத்தாயிற்று. மண்டபத்தில் காலையிலிருந்து ஓடியதால் உள்ளே குளிர் அப்படியே இருந்தது. சோடா வைத்ததில் அப்படியும் ஒரு நன்மை. மூடியை முழுசாகத் திறக்க ரிப்பன் விடவில்லை. வெள்ளித்தட்டில் வைத்த கத்தரிக்கோல் மண்டபத்து மேடையிலேயே இருந்தது. இறந்தவரின் நாத்தனார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார், ரிப்பனை ஒரே நறுக்காக நறுக்கினார், திரும்பவும் மடியில் செருகிக்கொண்டு ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். திட்டம் அப்படித்தான் தொடங்கி வைக்கப்பட்டது. கை தட்ட முடியாத இடமாகப் போய்விட்டது.

அந்த அம்மாவைப் பெட்டிக்குள் வைத்து, ரோஜா மாலையைச் சாத்தி, மூடியைப் போட்ட பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. அவருடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுநர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் சாய்ந்தால் காது தெரிகிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் நாடி தெரிகிறது, நேரே பார்த்தால் பாத்திரக்கடை முதலாளி. அந்த நாத்தனார் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“பாவம், சிரிச்ச மொகம்,” என்றார். “இவரு எப்பச் செத்தாரு?”

சாகவில்லை, வந்துகொண்டிருக்கிறார் என்று செயலாளர் சொன்னார். அது இன்னும் குழப்பமாகிவிட்டது. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். தலைவர் சிரிக்கவில்லை. நாளைக்கு அந்தப் பெண் கடல் தாண்டி வந்து எதைப் பார்க்கும் என்று அவர் கேட்டபோதுதான் என் சிரிப்பு அடங்கியது.

ஸ்டிக்கர் என்றால் சாதாரண ஸ்டிக்கர் இல்லை, வெயில் மழைக்கு அசையாத சரக்கு. செயலாளர் தன் தொழில் சுத்தத்தை நினைத்து முதல் தடவையாக வருத்தப்பட்டார். தேங்காய் எண்ணெயைத் தடவி ஊற வையுங்கள் என்று நான் சொன்னேன், அந்த மட்டுக்கும் வேதியியல் உதவியது. தலைவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். நாத்தனார் பாக்குவெட்டியை மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். முதலில் எழுத்துகள் போயின. பிறகு நெற்றி போயிற்று. ஒரு கண் போயிருந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது, ஆளுநர் இறங்கினார்.

கழுத்தில் பதக்கச் சங்கிலி, தோளில் இன்னும் கழற்றாத இரண்டு செல்லூர்த் துண்டுகள், முகமெல்லாம் வேர்வை. செத்த வீட்டுக்கு வருகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள், என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. பெட்டி அருகில் வந்து, தன் முகத்தைத் தலைவர் பாக்குவெட்டியால் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். செயலாளர் கேமராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நான் விதிநூல் என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகளைப் பற்றி கொழுந்தன்காரர் ரெண்டு வார்த்தை சொன்னதைத்தான் கேட்டார். சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தோளில் இருந்த துண்டில் ஒன்றை எடுத்து, எண்ணெயில் நனைத்து, தன் மீசையை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். பாத்திரக்கடைக்காரர் இல்லையா, லேபிள் கிழிப்பதில் கை பழகியிருந்தது. மீசை வந்துவிட்டது, வாய் வந்துவிட்டது. ஒரு காது மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பரவாயில்லை, அது மறைக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்றார். அந்த அம்மாவின் முகம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. மூக்குத்தி, நெற்றியில் திருநீறு, வாய் லேசாகத் திறந்து தூங்குவது போல இருந்தார். ஆளுநரை அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

காருக்குத் திரும்பும்போது, செயலாளர் சொன்னாரே, அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறதா மேடம் என்று ஆளுநர் கேட்டார். இருக்கிறது, பக்கம் ஞாபகமில்லை என்றேன். தலையாட்டினார். அவரும் படித்ததில்லை.

மறுநாள் எனக்கு அங்கே வேலை இல்லை. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, திட்டத்தை மேற்பார்வை செய்ய வேண்டும் என்றேன். சாமியானாவின் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் போட்ட அதே சட்டை. வீட்டுக்குப் போகவில்லை, கரண்ட் போனால் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்றார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் வாடகைக் கார் வந்தது. அந்தப் பெண் இறங்கியதும் யார் மேலும் விழவில்லை, யாரையும் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பெண்கள் வழி விட்டார்கள். குனிந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, உள்ளங்கையால் துடைத்தாள். அம்மாவின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம்தான் அழுதாள். மூடியைத் திறக்கச் சொல்லி, அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, கொண்டுவந்திருந்த ஏதோ ஒரு துணியைக் கழுத்துவரை போர்த்தினாள். மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சேலை. அந்தக் கதறலையெல்லாம் ஓரத்தில் ஒட்டியிருந்த ஆளுநரின் காதுதான் மிக அருகில் இருந்து கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, இந்தத் தடவை சேலைத் தலைப்பு வேறு காரணத்துக்குத் தேவைப்பட்டது.

எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் நின்றுவிட்டோம். பெட்டியைக் கழுவி வண்டியில் ஏற்றத் தலைவர் தங்கிவிட்டார். அந்தப் பெண் குளித்த ஈரத் தலையோடு வெளியே வந்தாள். யார் பெட்டி கொடுத்தது என்று பாக்குவெட்டி அத்தை சொல்லியிருக்க வேண்டும். நேரே அவரிடம் வந்து நின்றாள். கேத வீட்டில் நன்றி சொல்கிற வழக்கம் கிடையாது.

“மொகம் பாத்துட்டியாத்தா?” என்று தலைவர் கேட்டார்.

“பாத்துட்டேண்ணே,” என்றாள்.

அவ்வளவுதான். அவள் உள்ளே போய்விட்டாள். அவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். நானும் போனேன், ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பொம்பளப்புள்ள அதோட ஆத்தா மொகத்தப் பாத்துருச்சுடா என்று மட்டும் சொன்னார். தம்பிக்கு அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். வரிசையாக அவர் வருடக்கணக்கில் அனுப்பிய குரல் செய்திகள், ஒவ்வொன்றிலும், இன்னும் கேட்கவில்லை என்று காட்டும் சாம்பல் நிற மைக் குறி. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, கையால் மறைத்துப் பிடித்தார்.

கடைசி மைக் நீலமாக மாறியது.

அவர் என்னிடம் போனைக் காட்டினார். “கேட்டுட்டான்க்கா,” என்றார்.

பதில் வருமா என்று நிற்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார். கயிற்றின் இன்னொரு முனையை நான் பிடித்தேன். கேத வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. முடிச்சு இறுகியதும் நான் காரை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.